படுத்தால் வரும் மூச்சு

லுவாவின் வீட்டு முன்கூடத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே நைலான் கயிற்றில் பின்னிய தூளி ஒன்று தொங்கியது. அந்த ஊரில் தூளி இல்லாத வீடே கிடையாது. குழந்தைக்கு மட்டும் என்றில்லை. மதியம் பெரியவர்கள் சாய்வதற்கும், வந்த விருந்தாளி காலை நீட்டுவதற்கும், கிழவர்கள் ரேடியோ கேட்பதற்கும் அதுதான். ஆனாலும் ஒரு மனிதனையும் ஒரு தூளியையும் முடிச்சுப் போட்டு ஊர் பேசியது என்றால், அது லுவாவின் புருஷன் தியெனையும் இந்தத் தூளியையும்தான்.

தியென் பிறவிச் சோம்பேறியாக இருந்திருந்தால் லுவாவுக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்திருக்காது. கல்யாணமான புதிதில், மீகாங் ஆற்றிலிருந்து கால்வாய்க்குள் வரும் தேங்காய்ப் படகுக்காரர்கள் அவனைத்தான் தேடி வருவார்கள். தரையில் நட்ட இரும்புப் பாரையில் காயைக் குத்தி, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, மூன்றே திருப்பில் மட்டையைக் கழற்றிப் போட்டுவிடுவான். ஒரு நாளைக்கு ஆயிரம் காய். வாயும் சும்மா இருக்காது. இரண்டு வருஷத்துக்கு முன்பு அது ஐந்நூறாகி, பிறகு நூறாகி, இப்போது முப்பது காய் உரிப்பதற்குள் பாரையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறான். தோள் ஏறி ஏறி இறங்கும். அப்படியே போய்த் தூளியில் விழுவான். பத்து நிமிஷம்தான். அப்புறம் பார்த்தால் முகம் தெளிந்து, வழியோடு போகிறவர்களிடம் வம்பு பேசிக்கொண்டு, பாட்டுக்கூட முணுமுணுப்பான். எழுந்து நின்றால் பழைய குருடி கதவைத் திறடிதான்.

இதை எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? மூச்சுத் திணறுகிறவர்களை லுவா பார்க்காதவள் அல்ல. அவளுடைய அப்பாவே ஆஸ்துமாக்காரர். முதுகுக்கு மூன்று தலையணை அடுக்கி உட்கார்ந்துகொண்டே தூங்கியவர். படுத்தால் செத்துப்போவேன் என்பார். மூச்சு முட்டுகிறவன் எழுந்து உட்காருவான், வேலை கசக்கிறவன்தான் படுப்பான். லுவாவின் கணக்கு இது. ஊரின் கணக்கும் இதேதான்.

"நின்னா மூச்சு வரமாட்டேங்குது லுவா. படுத்தா வருது" என்று அவன் சொல்லிப் பார்த்தான்.

"அப்படி ஒரு வியாதி எனக்கும் வந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றாள் அவள், தேங்காய்ப் பருப்பின் கருந்தோலைச் சீவிக்கொண்டே. மிட்டாய்க் கம்பெனிக்குச் சீவிக் கொடுக்கிற வேலை அவளுக்கு. நாள் முழுக்கக் குந்தியிருந்து முட்டி தேய்ந்து போயிருந்தது.

ஊர்ச் சுகாதார நிலையத்துக்கும் ஒரு தடவை போனார்கள். அங்கே அவனை பெஞ்சில் நீட்டிப் படுக்கவைத்து நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார்கள். படுத்திருந்தவன் சௌக்கியமாக இருந்தான். "நெஞ்சு சுத்தமா இருக்கு. சத்து மாத்திரை சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றோடு லுவாவின் கடைசிச் சந்தேகமும் தீர்ந்தது.

அவன் விரல் நுனிகள் உருண்டு பருத்திருந்தன. லுவாவின் அம்மாவோடு பிறந்தவர்களில் ஒன்பதாவதான சித்தி, அவன் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தவளை விரல் மாதிரில்ல இருக்கு. வேலை செய்யாத கைதான் இப்படிக் கொழுக்கும்" என்றாள். அவன் நெஞ்சில் எட்டுக்கால் பூச்சி போலச் சிவப்புப் புள்ளிகள் கிளம்பியபோது, அதைத் தூளிக் கொசு கடித்த தழும்பு என்றார்கள். அக்கா ஞுங்கின் புருஷன் வோங் இருக்கிறானே, அவன் வாய் சும்மா இருக்காது. "சகலைக்கு எதுக்குத் தேங்கா உரிக்கிற வேலை? தூளிக்குக் காவல்னு ஒரு உத்தியோகம் போட்டுக் குடுங்கப்பா" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். லுவாவும் சிரிப்பாள். சிரித்துவிட்டு அடுப்படியில் போய்ப் பல்லைக் கடிப்பாள்.

தியென் வீட்டோடு வந்த மாப்பிள்ளை வேறு. ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் கடைக்குட்டி லுவா. ஆகவே வீடும், அப்பாவின் படம் வைத்த பூசைமேடையும், வருஷா வருஷம் அவருக்குத் திதிச் சாப்பாடு போடுகிற கடமையும் அவளுக்கு வந்தன. மாமனார் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு மாமனார் வீட்டுத் தூணில் ஆடுகிறான் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னது அவள் காதுக்கு வந்து சேர்ந்தது.

அப்பாவின் மூன்றாம் வருஷத் திதியன்று அது நடந்தது.

முதல் நாளே பெண்கள் கூடி வாழையிலையில் அரிசிக் கட்டிகளைச் சுருட்டி வேகவைத்தாகிவிட்டது. காலையில் வாசலில் தார்ப்பாய் கட்டினார்கள். வோங்கும் அவன் தம்பிகளும் வாத்துகளை அறுத்து, கழுவி, கறிக்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். பாட்டுப்பெட்டி அலறியது. தியெனும் சும்மா இருக்கவில்லை. தார்ப்பாய்க்குக் கயிறு இழுத்தான், படகில் வந்த நாற்காலிகளை இரண்டிரண்டாகத் தூக்கி வந்தான். பதினாறாவது நாற்காலிக்கு அப்புறம் ஆளைக் காணோம். எங்கே போயிருப்பான்? தூளிக்குத்தான்.

பூசைமேடைக்கு ஊதுவத்தி வைக்கப் போகிறவர்கள் எல்லோரும் அந்தத் தூளியைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஒன்பதாவது சித்தி தன் மகளைக் கட்டிக்கொடுத்த புதுச் சம்பந்தி வீட்டாரை அழைத்து வந்திருந்தாள். பட்டுச் சட்டை போட்ட சம்பந்தியம்மா குனிந்து, "வீட்டு மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்று அக்கறையோடுதான் கேட்டாள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல சம்பந்தி. அது அவரோட ஆபீஸ்" என்றாள் சித்தி.

கூடமே கொல்லென்று சிரித்தது. வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்த லுவா கத்தியும் கையுமாக அடுப்படியிலிருந்து வந்தாள். மானம் போய்விட்டது என்பது மட்டும்தான் அவள் தலைக்குள் இருந்தது. கால்மாட்டுக் கயிற்றில் கத்தியை வைத்து ஒரே இழுப்பு. தூளி அவிழ்ந்து தியென் இடுப்பு மோத சிமெண்டுத் தரையில் விழுந்தான்.

"எந்திரிய்யா. எங்கப்பா சாப்பிட வர்ற நாள்ல பொணம் மாதிரி நீட்டிக் கெடக்காத."

அவன் எழுந்தான். அறுந்த கயிற்றைச் சேர்த்தெடுத்து, கையில் சுற்றி, தண்ணீர் ஜாடிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தான். பிறகு கழுவிய கிண்ணங்களை எடுத்துப் பந்தியில் அடுக்கப் போனான். வோங் கைதட்டினான். லுவாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். இதை எப்போதோ செய்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அடுப்படிக்குத் திரும்பினாள்.

அதற்குப் பிறகு அவன் உட்காரவே இல்லை. சோறு சுமந்தான், ஐஸ் உடைத்தான், சம்பந்தி வீட்டாருக்குத் தேநீர் ஊற்றினான். ஒரே கோப்பை வட்டமாகச் சுற்றிவரும் சாராயப் பந்தியில் வோங் கோப்பையை நீட்டியபோது வழக்கம்போலத் தலையை ஆட்டி மறுத்தான். "சகலைக்கு எதுக்கு இது? காத்தைக் குடிச்சாலே போதை ஏறிடும்" என்றான் வோங். தியென் சிரித்தான். உதடு ஒரு மாதிரி கறுத்திருந்ததை லுவா பார்த்தாள். வெற்றிலையோ என்று நினைத்தாள். அவனுக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் நினைத்தாள்.

வாத்துக்கறி அண்டாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தவன், பாதி வழியில் நின்றான். சொட்டுக்கூடச் சிந்தாமல் அண்டாவைத் தரையில் இறக்கிவைத்தான். அப்புறம் அதன் பக்கத்திலேயே மடங்கி மல்லாந்து விழுந்தான்.

ஓடி வந்தார்கள், விசிறினார்கள். இரண்டு நிமிஷத்தில் கண் திறந்தான். மூன்றாவது நிமிஷம் முகத்தில் ரத்தம் ஊறி நிறம் திரும்பியது. அந்த நிறமே அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. "அடேயப்பா, தரையும் தூளியாயிருச்சு" என்றான் வோங். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"ஆடினது போதும். எந்திரிங்க. எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் லுவா.

அவன் படுத்தபடியே அவளை நிமிர்ந்து பார்த்தான். "சரி" என்றான். நாற்காலிக் காலைப் பிடித்து, முட்டியை ஊன்றி, முழு உயரத்துக்கும் எழுந்து நின்றான். கண் சொருகிற்று. மேசை விளிம்பில் நெற்றி மோத மறுபடியும் விழுந்தான். இந்தத் தடவை அவன் கையைத் தூக்கிய ஞுங் வீறிட்டாள். பத்து நகமும் நாவற்பழ நிறத்தில் இருந்தன. யாரும் சிரிக்கவில்லை. யாரோ பாட்டுப்பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார்கள்.

மாகாண ஆஸ்பத்திரியில் நர்ஸ், மூச்சுத் திணறல் என்று கேட்டவுடன் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி அவனை நிமிர்த்தி உட்காரவைத்தாள். அவன் மூச்சு இன்னும் மோசமாகியது. "படுக்க… விடுங்க…" என்று கையை அசைத்தான். "மூச்சு வாங்குறவங்க உக்காந்துதான் இருக்கணும்" என்றாள் நர்ஸ், நல்ல மனசோடு. லுவாவும் அதையே சொல்லி அவன் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். அவன் அவள் கையைத் தட்டிவிடக்கூட இல்லை.

சற்று நேரத்தில் வந்த டாக்டரம்மா வயதில் சின்னவள். அவன் விரல் நுனிகளைப் பார்த்தாள், சட்டையை விலக்கி நெஞ்சிலிருந்த சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தாள், வயிற்றைத் தட்டினாள். பிறகு கட்டிலைத் தாழ்த்தச் சொல்லி, அவனை மட்டமாகப் படுக்கவைத்து, விரலில் ஒரு கவ்வியை மாட்டினாள். அதன் சின்னத் திரையில் ரத்தத்தில் இருக்கும் ஆக்ஸிஜன் அளவு எண்ணாக மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே வந்தது.

"படுத்திருந்தா தொண்ணூத்தி மூணு" என்றாள். ஐந்து நிமிஷம் கழித்து உட்காரவைத்தாள். எண் இறங்கியது. "உக்காந்தா எண்பத்தி ரெண்டு." மறுபடி படுக்கவைத்தாள், மறுபடி ஏறியது. லுவா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் இரண்டு வருஷமாக வாயால் சொன்னதை, அந்த விரலளவு இயந்திரம் இரண்டு எண்ணில் சொல்லிக்கொண்டிருந்தது.

"வீட்ல இவர் அடிக்கடி போய்ப் படுத்துக்குவாரா?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"ஆமா."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"யாருமே கவனிக்கலையா?"

"எல்லாரும் கவனிச்சோம்" என்றாள் லுவா. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் காது மடல்வரை எரிந்தது.

கோளாறு நுரையீரலில் தொடங்கவில்லை, கல்லீரலில் தொடங்கியது என்று டாக்டரம்மா விளக்கினாள். கல்லீரல் பல வருஷமாகச் சுருங்கித் தழும்பேறிப் போயிருக்கிறது. அது கெட்டால் சிலருக்கு நுரையீரலில் இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள் அகலமாகிவிடும். ரத்தம் காற்றை வாங்கிக்கொள்ளாமலே விரைந்து ஓடிவிடும். நின்றால் ரத்தம் நுரையீரலின் அடிப்பக்கம் இறங்கும், அங்கேதான் அந்தக் குழாய்கள் அதிகம். படுத்தால் கொஞ்சம் சமப்படும்.

"கல்லீரலா? அவர் சாராயத்தைக் கையாலகூடத் தொடமாட்டாரே."

"குடிச்சாத்தான் கெடணும்னு இல்லக்கா. இது மஞ்சக்காமாலைக் கிருமி. பொறக்கும்போதே அம்மாகிட்டேருந்து ஒட்டியிருக்கும். உள்ளயே இருந்து அரிச்சிருக்கு." டாக்டரம்மா பேனாவை மூடினாள். "மாத்துக் கல்லீரல் வெச்சாத்தான் முழுசாத் தீரும். பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன், பதிஞ்சு வைங்க. கெடைக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அதுவரைக்கும் கிருமிக்கு மாத்திரை, வீட்டுக்கு ஒரு ஆக்ஸிஜன் மிஷின். அப்புறம், படுக்கணும்னு அவருக்குத் தோணினா படுக்க விடுங்க."

விடுங்க. அந்த ஒரு சொல்லில் லுவா கூனிக்குறுகிப் போனாள்.

அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தாள். "இந்தாங்க…" என்பதற்கு மேல் வரவில்லை. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "கயித்த ஜாடிக்குப் பின்னாடி வெச்சிருக்கேன். ஒரு முடிச்சுப் போட்டா தாங்கும்."

திட்டியிருந்தால் தேவலை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது அவளுக்கு.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவளே அந்தக் கயிற்றை முடிந்து தூளியைக் கட்டினாள். முடிச்சு கை முஷ்டி அளவுக்குத் துருத்திக்கொண்டு நின்றது. புதுக் கயிறு வாங்கியிருக்கலாம். வாங்கினால் அவன் சொன்னதைக்கூடக் கேட்கவில்லை என்று ஆகும். கட்டினாலோ போகிற வருகிறபோதெல்லாம் அந்த முடிச்சு கண்ணில் குத்தியது.

ஆனால் தியென் பழைய தியென் இல்லை. வீட்டில் யாரும் இல்லாதபோது மட்டும் தூளியில் படுத்தான். வாசலில் பைக் சத்தம் கேட்டால் போதும், பதறி எழுந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவான். வந்தவர் போகிற வரைக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாக இருப்பான். "படுங்க, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்று லுவா சொன்னால், "இருக்கட்டும்… அசிங்கம்" என்பான். அந்த அசிங்கத்தை அவனுக்குள் கத்தியால் எழுதிவைத்தவள் யார் என்பது அவளுக்குத் தெரியாதா?

அதைவிடக் கேவலம் ஒன்று இருந்தது. ஊரில் கேட்டவர்களிடம் லுவா, "கல்லீரல் கெட்டுப்போச்சாம்" என்று மட்டும் சொன்னாள். அம்மாவிடமும் அக்காவிடமும்கூட அவ்வளவுதான். படுத்தால்தான் மூச்சு வரும் என்று டாக்டர் சொன்னதை விழுங்கிவிட்டாள். அதைச் சொன்னால் அடுத்த நிமிஷம் எல்லோரும் அறுந்த கயிற்றைத்தான் நினைப்பார்கள். கல்லீரல் என்றதும் ஊர் தன் வழக்கப்படி ஒரு முடிவுக்கு வந்தது: தியென் திருட்டுத்தனமாகக் குடித்திருக்கிறான், அதனால்தான் பந்தியில் யோக்கியன் மாதிரி மறுத்தான், அதனால்தான் பட்டப்பகலில் படுத்துக் கிடந்தான். இந்தப் பேச்சும் லுவாவின் காதுக்கு வந்தது. வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் ஒரு வருஷத்தை ஓட்டினாள்.

அப்பாவின் நாலாம் வருஷத் திதி வந்தது. அதே தார்ப்பாய், அதே வாத்துகள், அதே ஆட்கள். சித்தியின் சம்பந்திகளும் வந்தார்கள். தியென் இந்த ஒரு வருஷத்தில் பாதியாய் இளைத்திருந்தான். ஆக்ஸிஜன் மிஷினைப் பின்கட்டில் துணி போட்டு மூடச் சொல்லிவிட்டான். தூளியைச் சுருட்டித் தூணில் கட்டிவிட்டு, வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, வாசல் பக்கம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வருகிறவர்களை வரவேற்றான்.

"வாங்க… சித்தி. உள்ள… வாங்க."

ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு மூச்சு. சொல்லைவிட மூச்சுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. சித்தி அவன் முகத்தைப் பார்க்காமல் பழக்கூடையை லுவாவின் கையில் கொடுத்து, "இப்பவாவது விட்டுட்டானா?" என்று காதோரம் கேட்டாள். குடியைத்தான் கேட்டாள். லுவா, "உள்ள போங்க சித்தி" என்றாள்.

பூசைமேடையில் சோறு, கறி, பாகற்காய்ச் சாறு எல்லாம் படைத்தாயிற்று. ஊதுவத்தி எரிந்து முடிய வேண்டும்; அதற்குப் பிறகுதான் பந்தி. எல்லோரும் கூடத்தில் நின்றும் உட்கார்ந்தும் பேசிக்கொண்டிருந்தார்கள். லுவா தியென் பக்கம் போனாள். அவன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து மறைத்திருந்தான். ஒரு கையை இழுத்துப் பார்த்தாள். நகம் நீலம் பாய்ந்திருந்தது.

"வந்து படுங்க" என்றாள் மெதுவாக.

"ஆளுங்க… போகட்டும்."

"அவங்க போக சாயங்காலம் ஆகும். தூளியைப் பிரிச்சு விடறேன், வாங்க."

"வேண்டாம் லுவா." அவன் கண்ணால் கூடத்தைக் காட்டினான். "இத்தனை பேர்… இருக்காங்க. நான் மட்டும்… எப்படிப் படுக்கறது?"

வோங் அங்கிருந்து கோப்பையும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கேலி இல்லை. ஆனால் எந்த நொடியும் வரலாம். லுவா சுருட்டிக் கட்டிய தூளியைப் பார்த்தாள். அந்த முடிச்சைப் பார்த்தாள். நான் மட்டும் என்றானே, அந்த வார்த்தை அவளை அங்கே நிற்கவிடவில்லை.

உள்ளே போய்ப் பாயை எடுத்து வந்தாள். கூடத்தின் நட்டநடுவே, பூசைமேடைக்கு எதிரே, ஆட்களை நகரச் சொல்லி விரித்தாள். சாப்பிட உட்காரத்தான் விரிக்கிறாள் என்று இரண்டு பெண்கள் கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். லுவா செருப்பைக் கழற்றினாள். அப்பா படத்தின் பக்கம் கால் நீட்டிவிடாமல் தலையை அந்தப் பக்கம் வைத்து, திதி வீட்டில், பட்டப்பகலில், நாற்பது பேர் நடுவே, மல்லாந்து படுத்தாள்.

கிண்ணங்களோடு வந்த இரண்டு பெண்களும் பின்னால் நகர்ந்தார்கள்.

"லுவா, என்னடி கூத்து இது?" என்றாள் அம்மா. "அப்பாவுக்குச் சோறு படைச்சிருக்கு. எந்திரி."

"கொஞ்சம் இரும்மா."

படுத்திருந்தால் ஒரு வசதி, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. மேலே தென்னோலைக் கூரைதான் தெரிந்தது. அவள் கூரையைப் பார்த்தே பேசினாள்.

"போன வருஷம் இந்தத் தூளிய அறுத்தவ நான். எல்லாரும் பாத்தீங்க. அவர் சோம்பேறித்தனமாப் படுக்கல. அவருக்கு நின்னா மூச்சு வராது, படுத்தாத்தான் வரும். அதான் வியாதியே. அன்னிக்கே டாக்டரம்மா எங்கிட்ட சொன்னாங்க. நான் உங்க யார்கிட்டயும் சொல்லல. சொன்னா நான் பண்ணினது என்னன்னு தெரிஞ்சிடுமேன்னு சொல்லல. அவர் ஒரு சொட்டுக் குடிச்சதில்ல. அதையும் நீங்க பேசினீங்க, நான் கேட்டுட்டு சும்மா இருந்தேன். கீழ விழுந்தவர ரெண்டாவது தடவையும் எந்திரின்னு சொன்னது நான்தான்."

வெளியே வாத்துக்கறி கொதிக்கிற சத்தம் கேட்டது. அவளுக்கு முகம் தீயாய்க் காந்தியது. கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் வழிந்து கூசியது, துடைக்கக் கை வரவில்லை. செத்தாலும் இனி இந்த ஊரில் தலை நிமிர முடியாது என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே பாயில் ஓரமாக நகர்ந்து பக்கத்தில் ஆள் படுக்க இடம் விட்டாள்.

பிறகு நாற்காலி தரையில் உரசியது. வோங்கின் கனத்த காலடி வாசல் பக்கம் போனது, திரும்பி மெதுவாக, இன்னொரு காலடியைத் தாங்கிக்கொண்டு வந்தது. "பாத்து சகலை, பாத்து" என்றான் வோங். அவன் குரலில் அவள் அதுவரை கேட்டிராத ஏதோ ஒன்று இருந்தது. பாய் அமுங்கியது. வெள்ளைச் சட்டை அவள் தோளில் பட்டது.

அவன் மூச்சு முதலில் அரிவாள் தீட்டுவது மாதிரி இழுத்தது. லுவா கூரையைப் பார்த்தபடி காதைக் கொடுத்துக் கேட்டாள். இழுப்பு குறைந்தது. பிறகு இடைவெளி நீண்டது. ஒன்பதாவது சித்தி எங்கோ மூக்கை உறிஞ்சினாள். ஊதுவத்தி எரிந்து முடிந்துவிட்டிருக்கும். ஆனால் யாரும் பந்தி என்று வாய் திறக்கவில்லை.

அவன் அவள் பக்கம் தலையைத் திருப்பினான்.

"எந்திரி லுவா, எல்லாரும் நம்மளத்தான் பாக்குறாங்க" என்றான்.

"பாக்கட்டும்" என்றாள் அவள். அதைச் சொல்லும்போது அவன் ஓரிடத்தில்கூட மூச்சுக்காக நிற்கவில்லை.